பள்ளத்தூர் வீட்டு ஜன்னல்களைக் கழற்றலாமா?

ஆச்சி, உங்கள் கேள்வி நீளமானது. படிக்கும் மற்றவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தூரில் உங்கள் ஐயா கட்டிய வீடு. மொத்தம் 41 ஜன்னல்கள். நீங்கள் கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள், ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்துபோகிறீர்கள். போன ஐப்பசி மழையில் வடக்குப் பக்கத்து அறைகளில் ஜன்னல் வழியே தண்ணீர் இறங்கி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தேங்கியிருக்கிறது. தெற்குப் பக்கத்திலும் ஓர் அறை நனைந்திருக்கிறது. மேல்வளைவுகளில் இருந்த வண்ணக் கண்ணாடிகளில் 11 உடைந்துவிட்டன. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர், எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டு வெள்ளை யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் போட்டுவிடலாம், இனி ஆயுளுக்கும் கவலை இல்லை என்கிறார். பங்காளிகளில் பாதிப் பேர் அதற்குச் சம்மதம். மாடி ஹாலையாவது கொஞ்சம் புதுசாக, வெளிச்சமாக ஆக்க வேண்டும் என்பது உங்கள் மகளின் ஆசை.

என் பதில்: பெயர்த்தெடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களில் மோசமாகத் தெரிபவை ஒன்பது ஜன்னல்கள். அந்த ஒன்பதிலும் முழுதாக மாற்ற வேண்டியவை இரண்டுதான் என்று நினைக்கிறேன். மற்றவற்றில் கெட்டுப்போயிருப்பது கீழே ஒரு சாண் மரம். ஒரு சாண் மரத்துக்காக ஆறடி பர்மா தேக்கை வெளியே தள்ளுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. எங்கள் தாத்தா காலத்திலிருந்து காரைக்குடியில் தச்சு வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் பழைய வீடுகளின் கதவு ஜன்னல் வேலையை மட்டும் 26 ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மரத்தைப் பற்றிப் பேசும் முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஜன்னல் ஓரம் நனைந்தால் ஜன்னல் ஒழுகுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். நம் பக்கத்துப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. சாரல் அடிப்பது வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும்தான். ஆகவே வடக்கு அறைகள் நனைந்ததற்குச் சாரல் காரணமாக இருக்கலாம். தெற்கு அறை ஏன் நனைந்தது? அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறை ஜன்னலின் மேல் சட்டத்துக்கு மேலே, சுவரிலேயே தொடங்கி, இரண்டு பக்கமும் கால் போல இறங்குகிறது. அது ஜன்னல் ஒழுக்கு அல்ல. மேலே தளத்தில் தூம்பு அடைத்துக்கொண்டு தண்ணீர் நிற்கிறது, அல்லது சன்ஷேடும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் தங்கத்தால் ஜன்னல் செய்து வைத்தாலும் அடுத்த ஐப்பசியில் அதே கறை வரும்.

இதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவர் விளக்கோடு நிற்கட்டும். வெளியே நிற்பவர் பீய்ச்சி அடிக்காமல், மழை போல மெதுவாக, ஜன்னலுக்குக் கீழே சுவரின் வெளித்திண்டில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் நனைக்க வேண்டும். உள்ளே ஈரம் வரவில்லை என்றால் அடுத்து அடிச்சட்டம். அதன் பிறகு பக்கக் கால்கள், கண்ணாடி ஓரங்கள், மேல் சட்டம், கடைசியாகச் சன்ஷேட். எப்போதும் கீழிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் வழிந்து வரும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது வழி என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஜன்னலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்காமல் பல இலட்சத்தைச் செலவழித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

வடக்குப் பக்கத்தில் நீங்கள் என்ன காண்பீர்கள் என்று இப்போதே ஓரளவு ஊகிக்க முடிகிறது. 2009இல் வெளிச்சுவருக்குச் சிமென்ட் பூசியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது வெளித்திண்டையும் சேர்த்துப் பூசியிருக்கிறார்கள். படத்தில் திண்டு தட்டையாக இருக்கிறது. பழைய வேலையில் அது வெளிப்பக்கம் சரிந்திருக்கும். பத்துக்கு ஒன்று என்ற அளவிலாவது சரிவு வேண்டும். அத்துடன் திண்டின் விளிம்புக்கு அடியில், ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, நீளவாட்டில் ஒரு காடி ஓடும். அந்தக் காடியின் வேலை என்ன தெரியுமா? தண்ணீர் விளிம்பில் சொட்டிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி விழாது; அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே சுவரை நோக்கி உள்ளே நடக்கும். காடி வந்ததும் அதற்கு மேல் நடக்க முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அவ்வளவுதான். பூச்சு வேலைக்காரர்கள் அதைச் சிமென்ட் வைத்து அடைத்து, வழவழப்பாகத் தேய்த்து, நேர்த்தியாக முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைத் தண்ணீரும் உங்கள் அடிச்சட்டத்தின் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது.

சிமென்ட் செய்த கெடுதல் இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் திருப்பிக் கொடுத்துவிடும். சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பின்னால் தங்கிய ஈரத்துக்கு எளிய வழி எது? சுவருக்குள் பொதிந்திருக்கும் மரம். ஆகவே ஜன்னலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்காவது அந்தச் சிமென்டைப் பொறுமையாகக் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கொண்டு, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கும் அதே கலவைதான். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் கிடைப்பார்கள்.

இனி மரம். ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு வடக்கு அறையின் மூன்றாவது ஜன்னலுக்குப் போங்கள், படத்தில் வர்ணம் கொப்புளித்திருக்கிறதே அது. நிலைக்காலின் அடியில், சட்டத்தோடு சேரும் இடத்தில், முனையை வைத்து அழுத்துங்கள். பழைய வெல்லத்தில் இறங்குவது போல ஓர் அங்குலம் இறங்கும் என்று நினைக்கிறேன். அங்கிருந்து நான்கு விரற்கடை மேலே வைத்து அழுத்துங்கள். இன்னும் நான்கு விரற்கடை மேலே. ஓர் இடத்தில் முனை நின்றுவிடும். இறங்காது, 'டக்' என்று சத்தம் மட்டும் வரும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கோட்டுக்குக் கீழே உள்ளதுதான் உங்கள் பிரச்சினை. மேலே உள்ளது எண்பது, தொண்ணூறு ஆண்டு ஆகியும் வைரம் பாய்ந்து நிற்கும் மரம். இன்று தோட்டத்தில் இருபது, இருபத்தைந்து ஆண்டில் வெட்டும் தேக்கு அதன் பக்கத்தில் நிற்காது. பர்மாக் காட்டுத் தேக்கு மெதுவாக வளர்ந்தது. வளையங்கள் நெருக்கமாக இருக்கும், எண்ணெய்ப் பசை கூடுதல். அதன் சேகை, அதாவது நடு வைரத்தை, கரையான் எளிதில் தொடாது. கரையான் பிடித்த இடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது வெளிறாக (பட்டையை ஒட்டிய மென்மரமாக) இருக்கும், அல்லது பின்னாளில் யாரோ வைத்து ஒட்டுப்போட்ட வேறு மரமாக இருக்கும்.

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததோடு நகரத்தாரின் அங்கத்துத் தொழிலும் ஆட்டம் கண்டது. அதோடு அவர்கள் அந்த மரத்தைத் தாராளமாக இங்கே கொண்டுவந்த வழியும் அடைபட்டுப்போனது. இருப்பதுதான் இருப்பு.

கெட்ட பகுதியை மட்டும் வெட்டி, நல்ல மரத்தால் ஒட்டுப்போடுவதைத்தான் நான் சொல்கிறேன். இதில் ஆசாரியிடம் நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. வெட்டு நேராகக் குறுக்கே இருக்கக் கூடாது. சாய்வாக இருக்க வேண்டும், அந்தச் சாய்வும் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும். இணைப்பில் எப்போதாவது நூலளவு திறந்தாலும் தண்ணீர் வெளியே வழியுமே தவிர உள்ளே தேங்காது. புதுத் துண்டும் பழைய தேக்காகவே இருக்கட்டும். இடிந்த வீடுகளின் மரம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். ரேகை ஓடும் திசை பழைய மரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒட்டும் முன் இரு முகத்தையும் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். தேக்கின் எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டியது ஆறு மாதத்தில் விட்டுப்போனால் பசையைக் குறை சொல்கிறோம், துடைக்காததுதான் குறை. எபாக்ஸிப் பசை போதும், கூடவே இரண்டு மரமுளை. இரும்பு ஆணி வேண்டாம்.

ஆணி என்றதும் கம்பி நினைவுக்கு வருகிறது. உங்கள் ஜன்னல்களில் செங்குத்துக் கம்பிகள் அடிச்சட்டத்தில் துளையிட்டு இறக்கியிருக்கிறது. அந்தத் துளைதான் தண்ணீர் நிற்கும் கிண்ணம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அந்தப் பருமன் மரத்தை உள்ளிருந்து பிளக்கும். படத்தில் அடிச்சட்டத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் நேராக ஒரு கீறல் ஓடுகிறதே, அது வெயிலில் வெடித்தது அல்ல, துரு பிளந்தது. கம்பியை மேலே தூக்கி எடுக்க முடிந்தால் எடுத்து, துருவைச் சுரண்டி, துத்தநாகம் கலந்த பூச்சு அடித்து, துளையில் எபாக்ஸி விட்டு இறக்குங்கள். கம்பியைச் சுற்றிக் கோபுரம் போல் சிறிது மக்கு (புட்டி) வைத்துவிட்டால் தண்ணீர் அங்கே நிற்காது.

ஒப்பந்தக்காரர் சொன்ன யூபிவிசிக்கு வருகிறேன். அதை நான் கெட்ட பொருள் என்று சொல்லமாட்டேன். சென்னையில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடிக்கு அது பொருத்தமாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு ஏன் பொருந்தாது என்பதற்குக் காரணங்கள் உண்டு.

உங்கள் ஜன்னல் நிலையைச் சுவர் எழும்பும்போதே நிறுத்தி, மேல் கீழ்ச் சட்டங்களின் கொம்புகளைச் சுவருக்குள் பொதித்துக் கட்டியிருக்கிறார்கள். அதைப் பெயர்ப்பதென்றால் நான்கு மூலையிலும் சுவரை உடைக்க வேண்டும். உள்பக்கத்தில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. உங்கள் படத்தில் ஜன்னல் நிழலே அதில் தெரிகிறது. ஒரு மூலையில் சம்மட்டி விழுந்தால் விரிசல் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு அந்தச் சுவரில் ஒட்டுத் தெரியாமல் பூசித் தருகிறேன் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்தது காற்று. ஒப்பந்தக்காரர் காட்டிய படத்தில் இருப்பது தள்ளு ஜன்னல். இரண்டு கதவில் ஒன்று மற்றொன்றின் பின்னால் போகும். எப்போது திறந்தாலும் பாதிதான் திறக்கும். உங்கள் இரட்டைக் கதவு முழுதாகத் திறக்கிறது, மேலே வளைவும் வெளிச்சம் தருகிறது. சித்திரை வெயிலில் முகப்பிலிருந்து வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) வழியாகப் பின்கட்டு வரை காற்று ஓடும்படி கதவுக்கு நேர் கதவு, ஜன்னலுக்கு நேர் ஜன்னல் வைத்துக் கட்டிய வீடு அது. ஜன்னல் திறப்பைப் பாதியாக்கிவிட்டு ஏசி வாங்குவது எனக்குப் புரியாத கணக்கு.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. பிவிசி வெயிலில் நீளும். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் வெயில் படும் சட்டத்தில் 30 டிகிரி வேறுபாடு வருவது சாதாரணம். அப்படியானால் ஒன்றரை மீட்டர் சட்டம் தினமும் மூன்று மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். சுற்றிலும் இடைவெளி விட்டு, இழுபடும் பூச்சால் நிரப்பினால் தாங்கும். பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? சிமென்ட் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். இரண்டு கோடையில் சுற்றிலும் மயிரிழை விரிசல், மூன்றாம் ஆண்டு மழையில் மீண்டும் தரையில் தண்ணீர். மரம் நீளவாட்டில் வெயிலுக்கு இதில் பத்தில் ஒரு பங்குகூட நகராது.

வண்ணக் கண்ணாடிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

உடைந்த துண்டுகளைக் கூட்டிப் பெருக்கி வெளியே போட்டுவிடவில்லையே? ஒரு சிறு துண்டைக்கூடப் போடாதீர்கள். சிவப்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். முகத்தைப் பார்த்தால் மாதுளை முத்துச் சிவப்பு. இப்போது உடைந்த ஓரத்தைக் கண்ணுக்கு நேராக, தட்டையாகப் பிடியுங்கள். கண்ணாடியின் பருமனில் பெரும்பகுதி நிறமே இல்லாமல் இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் காகிதம் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு ஓடும். முழுக் கண்ணாடியையும் சிவப்பாக உருக்கினால் வெளிச்சம் ஊடுருவாமல் கறுத்துப்போகும். அதனால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்பை உருக்கி ஏற்றினார்கள். நீலத்தை அப்படிப் பாருங்கள், ஓரம் முழுதும் நீலமாகவே இருக்கும். கோபால்ட் கலந்து உருக்கியது அது. மகளுக்கும் காட்டுங்கள், இதைக் கண்ணால் பார்த்த பிறகு பிளாஸ்டிக் படலம் ஒட்டிய கண்ணாடியை யாரும் வாங்கமாட்டார்கள்.

இன்று பல கடைகளில் வண்ணக் கண்ணாடி என்று தருவது அந்தப் படலம் ஒட்டியதுதான். மூன்று நான்கு கோடையில் சிவப்பு வெளிறி ரோஜா நிறமாகும், ஓரங்கள் சுருண்டுகொள்ளும். கடையில் கேட்கும்போது விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா என்பது விளிம்பில் தெரிந்துவிடும். நகத்தால் சுரண்டியும் பார்க்கலாம்.

உங்கள் பழைய நிறமற்ற கண்ணாடிகளையும் காப்பாற்றுங்கள். அவற்றின் வழியே தென்னை மரத்தைப் பார்த்தபடி தலையை அசைத்தால் மரம் நெளியும். இன்றைய கண்ணாடி நெளியாது; அதை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு வழவழப்பாக்குகிறார்கள். இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அந்த முறையை 1959இல் அறிவித்தது. உங்கள் வீட்டுக் கண்ணாடி அதற்கு முந்தியது. அந்த நெளிவு குறை அல்ல, அதன் வயது. ஒரு வரிசையில் நான்கு நெளிவுக் கண்ணாடிக்கு நடுவே ஒரு புதுக் கண்ணாடி வந்தால் பல் விழுந்தது போல் தெரியும். என் யோசனை இது: பின்கட்டு ஜன்னல்களில் உடையாமல் இருக்கும் பழைய கண்ணாடிகளைக் கழற்றி முகப்புக்கும் வளவுக்கும் கொண்டுவாருங்கள். புதுக் கண்ணாடியைப் பின்கட்டுக்கு அனுப்புங்கள். நிறமற்ற கண்ணாடி மட்டுமல்ல, வண்ணமும் அப்படியே. உடைந்த 11இல் ஏழுக்காவது இந்த வகையில் வழி பிறக்கும் என்று படங்களை வைத்துச் சொல்கிறேன். வெட்ட வேண்டி வந்தால் சிவப்பை நிறமற்ற பக்கத்தில் கீறி வெட்டச் சொல்லுங்கள், சிவப்பு ஏற்றிய பக்கத்தில் அல்ல.

கண்ணாடியைப் பதிக்கும் மக்குப் பற்றிச் சொல்வதற்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியாக வேலை எடுத்துச் செய்த முதல் ஆண்டில், தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், 24 வளைவுக் கண்ணாடிகளையும் சிலிக்கான் வைத்துப் பதித்தேன். பிசுக்கென்று ஒட்டியது, சுத்தமாக இருந்தது, வீட்டுக்காரருக்கும் மகிழ்ச்சி. வேலை நடந்த மூன்று நாளும் அறையில் வினிகர் நெடி அடித்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அந்த நெடியுள்ள சிலிக்கான் உலரும்போது அமிலம் விடும். இரும்பையும் பித்தளையையும் அது அரிக்கும், சுண்ணாம்பைத் தின்னும். இரண்டு ஆண்டில் சுண்ணாம்பு ஓரங்கள் தூளாகிச் சிலிக்கான் நாடா போல உரிந்து வந்தது. அதைவிடக் கொடுமை, அதன் பசை படிந்த காடியில் வேறெதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு காடியையும் உளியால் அரை மில்லிமீட்டர் புதிதாகச் சீவி எடுத்த பிறகுதான் மீண்டும் பதிக்க முடிந்தது. அதில் இரண்டு பச்சைக் கண்ணாடிகள் என் கையிலேயே உடைந்தன. அந்தப் பச்சைக்கு இன்றுவரை ஜோடி கிடைக்கவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் தேடுகிறேன்.

ஆகவே பழைய மக்கே போதும்: சாக் பவுடரும் ஆளிவிதை எண்ணெயும். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். எடைக்கு ஐந்து, ஆறு பங்கு தூளுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்று தொடங்கி, சப்பாத்தி மாவு போலக் கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். அதற்கு முன் காடியில் வெறும் எண்ணெயை ஒரு கை பூசி ஊறவிட வேண்டும். பூசாமல் விட்டால் காய்ந்த மரம் மக்கிலிருக்கும் எண்ணெயை உறிஞ்சிவிடும், மக்கு பொருக்காகி உதிரும். முதலில் காடியில் மெல்லிய மக்குப் படுக்கை, அதன் மேல் கண்ணாடியை அழுத்தி, பிறகு மேல் மக்கு அல்லது மரப் பீடிங். ஒரு வாரம் பத்து நாள் ஆறவிட்டு வர்ணம் அடிக்க வேண்டும். அந்த வர்ணம் கண்ணாடி மேல் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். வர்ணம் அடிப்பவர் நேர்த்திக்காக அதையும் சுரண்டிச் சுத்தம் செய்வார், விடாதீர்கள். மழைத் தண்ணீரை மக்குக்குள் விடாமல் தடுப்பதே அந்த இரண்டு மில்லிமீட்டர்தான்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். மரத்தூள் நிறைந்த அறையில் அது போதும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போட வேண்டும். இன்னொன்று, பழைய வர்ணம். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் நிறைய இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கட்டும், முகக்கவசம் போடட்டும். வேலை நடக்கும் பகுதியில் பேரப்பிள்ளைகளை விளையாட விடாதீர்கள்.

மகளின் மாடி ஹால். அவர் கேட்பது நியாயம். புதுப்பிக்கவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். 1930களில் நம் ஊர்களில் கட்டிய வீடுகளைப் பாருங்கள், அந்நாளில் புதுப்பாணியாக இருந்த வளைவுத் திண்டுகளும் கோடுகளும் தாராளமாக வந்திருக்கின்றன. உங்கள் ஐயா காலத்தவர்கள் புதுமைக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஹாலின் தெற்குப் பக்கத்தில் முழுதாக மாற்ற வேண்டும் என்று நான் சொன்ன இரண்டு ஜன்னல்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே புதுசு செய்யலாம். நிலையின் அளவும் வளைவும் பழையபடியே இருக்கட்டும். இரட்டைக் கதவில் இப்போது மேலே கண்ணாடியும் கீழே மரப்பலகையும் இருக்கின்றன. புதுக் கதவில் முழு உயரமும் கண்ணாடியாக, நடுவில் மெல்லிய இரண்டு குறுக்குச் சட்டங்கள் மட்டும் வைக்கலாம். வெளிச்சம் இரண்டு மடங்கு வரும். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வரிசை கெடாது.

அந்தக் கண்ணாடி தரையோடு ஒட்டித் தாழ்வாக வருவதால், நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாகவே போடுங்கள். உடைந்தாலும் சிதறாது, வெயிலின் புற ஊதாக் கதிரையும் பெருமளவு தடுக்கும். எடையைக் கணக்கில் எடுங்கள்: கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் பருமனுக்கு, இரண்டரை கிலோ. பழைய மூன்று மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஆறு போட்டால் எடை இரட்டிக்கும், பழைய கீல் தாங்காமல் கதவு மூக்கு தொங்கும். கதவுக்கு மூன்று பித்தளைக் கீல் கேளுங்கள்.

நிறம் பற்றியும் மகள் கேட்டிருந்தார். கடை அட்டையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஜன்னலையே கேளுங்கள். கதவின் மறைவான ஓர் இடத்தில், கீலுக்குப் பின்னால், நாணய அளவுக்கு உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால் அடுக்கடுக்காக வளையங்கள் தெரியும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் அப்படித் தேய்த்தபோது மேலே காப்பி நிறம், அதற்குள் கரும்பச்சை, அதற்குள் வெளிர்நீலம், நடுவில் வர்ணமே காணாத தேக்கின் பொன்னிறம். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் வெளிர்நீலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் மகளுக்குப் பிடித்த நிறம் அந்த வளையங்களில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கொசுவலைக்குக் கதவையோ நிலையையோ துளைக்க வேண்டாம். கம்பிக்கு வெளிப்புறம் மெல்லிய சட்டத்தில் வலையை இழுத்து, கழற்றி மாட்டும்படி வைத்தால் போதும். ஏசிக்கும் ஜன்னலை வெட்டாதீர்கள்; பின்சுவரில் ஒரு குழாய்த் துளை போதும். முற்றத்தைப் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடலாமா என்று ஒருவரியில் கேட்டிருந்தீர்கள். மூடினால் சூடான காற்று மேலேறிப் போகும் வாய் அடைபடும். 41 ஜன்னலைத் திறந்து வைத்தாலும் பிற்பகலில் வளவில் உட்கார முடியாது. மழைச் சாரல்தான் பயம் என்றால் நான்கு பக்கமும் தாழ்வாரத்து விளிம்பில் சுருட்டி இறக்கும் திரை கட்டுங்கள்.

காலம் பார்த்துச் செய்யுங்கள். தையில் தொடங்கி வைகாசிக்குள் முடிப்பது நல்லது. மழையில் இறுகும் கதவை மழைக்காலத்திலேயே இழைத்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ஊறிப் பருத்திருக்கும்போது இழைத்தால் சித்திரையில் சுருங்கி, நடுவே விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். நன்றாகக் காய்ந்த மாதத்தில் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் விட்டு இழைத்தால் இரண்டு பருவத்துக்கும் சரியாக இருக்கும். இரட்டைக் கதவு ஜன்னல் ஒன்றுக்கு ஆசாரி ஒருவருக்கு மூன்று நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதையும் ஒரே ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வடக்குப் பக்கத்து ஐந்தை இந்த ஆண்டு, மற்றதை அடுத்த ஆண்டு என்றால் பங்காளிகள் எல்லாப் புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) சுமை குறையும்.

பொங்கலுக்கு வரும்போது ஒவ்வொரு ஜன்னலுக்கும் முகப்பிலிருந்து வலமாக எண் கொடுத்து, உள்ளேயும் வெளியேயும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். தெற்கு அறைக்கு மேலே ஆள் ஏற்றித் தூம்பைத் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். வடக்கு அறை மூன்றாவது ஜன்னலில் குழாய்ச் சோதனை செய்து, திருப்புளி நின்ற இடத்தில் கோடு போட்டு, அந்தப் படத்தை அனுப்புங்கள். எவ்வளவு மரம் வாங்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்லிவிடுவேன். உடைந்த பச்சைத் துண்டு ஏதாவது இருந்தால் அதையும் வெயிலில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் ஆச்சி.